மீன் கிருமி எந்த மருந்துக்குக் கேக்கும்? புதுசா பிளேட் போடறவங்களுக்கு

காலைல ஆறு மணிக்கு போன் அடிச்சா எனக்குத் தெரிஞ்சிடும், எங்கியோ ஒரு குட்டைல மீனு மெதக்குதுன்னு. போன தபா குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர், கட்லாவும் ரோகுவும் வுட்டிருக்காரு, "சார், வயிறு உப்பிக்கினு கீது சார், செதிலெல்லாம் தூக்கிக்கினு, அடில செவப்பு செவப்பா கீது, கடையில ஒரு பாக்கெட் குடுத்தாங்க, போட்டுட்டேன், இன்னும் சாவுது"ன்னாரு. என்ன பாக்கெட்டுன்னு கேட்டா வாட்ஸ்ஆப்ல போட்டோ வந்துச்சு, ஆக்ஸிடெட்ராசைக்ளின். எத்தன கிராம் போட்டீங்கன்னு கேட்டேன். "கையால அள்ளி தண்ணில வுட்டேன் சார்."

அந்த மருந்து அந்தக் கிருமிக்குக் கேக்குமா கேக்காதான்னு முன்னாடியே பாத்துச் சொல்றதுதான் சென்சிடிவிட்டி டெஸ்ட். மைக்ரோபயாலஜி படிச்சிட்டு இப்பதான் லேப்ல சேர்ந்திருக்கிற பசங்க, ஃபிஷரீஸ் ப்ராஜெக்ட் பண்ற புள்ளைங்க, இவங்களுக்காகத்தான் எழுதறேன். டிஸ்க் வைக்கிற முறை, அதாவது கிருமி வளக்கற ஜெல்லி, அகார், அது ஊத்துன பிளேட்டுல கிருமியத் தேய்ச்சி, மேல மருந்து ஊறுன சின்னப் பேப்பர் வட்டத்த வெச்சி, சுத்தி கிருமி வளராம நிக்கிற ஸோன அளக்கறது, அது மட்டும்தான் இங்க முழுசா சொல்லப் போறேன், கிர்பி பாயர்னு சொல்றோமே, 1966-ல பேப்பரா வந்த அதே முறை, இன்னிக்கும் காசு கம்மியா ஆவறது அதுலதான்.

ஒரு விஷயத்த மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா எல்லாத் தப்பும் அங்க இருந்துதான் வருது. வேலூர்ல தடுக்கி விழுந்தா ஒரு லேப். 1900-ல ஐடா ஸ்கடர் ஒத்தக் கட்டில் போட்டு ஆரம்பிச்ச சிஎம்சி இருக்கிற ஊரு, மனுஷனுக்கு கல்ச்சர், அதான் கிருமிய வளத்துப் பாக்கறது, போடத் தெரிஞ்சவங்க தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க. அதனால நமக்கு கத்துக்குடுக்கறவங்களும் மனுஷ லேப் பழக்கத்துலயே கத்துக்குடுப்பாங்க, 37 டிகிரில வை, சார்ட்ட பாரு, கேட்டா எஸ், கேக்கலன்னா ஆர்னு எழுது, முடிஞ்சது. நானும் அப்படித்தான் ரெண்டு வருஷம் போட்டேன். மீனுக்கு உடம்புச் சூடுன்னு ஒண்ணு கெடையாதுங்க, குட்டைத் தண்ணி என்ன சூடோ அதுதான் மீனுக்கும், அதுக்குள்ள இருக்கிற கிருமிக்கும். அதுக்கு தனி சூடு, தனி சார்ட்டு. இத மனசுல வெச்சிக்கினு மேல படிங்க.

மொதல்ல இது பாக்டீரியாதானா?

டிஸ்க் எடுக்கறதுக்கு முன்னாடி போன்லயே நாலு கேள்வி கேளுங்க. விடியக்காலைல மீனு மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதா, வெயில் ஏறுனா கீழ போயிடுதா? அது ஆக்ஸிஜன் பத்தல, ஏரேட்டர் போடுங்க இல்ல மோட்டார் வுட்டு தண்ணிய மேல இருந்து கொட்டுங்க, ஆன்டிபயாடிக்குக்கு அங்க வேலையே இல்ல. உடம்ப கல்லு மேலயும் கரை மேலயும் ஒரசிக்கினு, கிட்ட பாத்தா தட்டையா ஒரு பூச்சி ஒட்டியிருக்கா, அது மீன் பேன். விராலு, கெண்டைல குளிர் மாசத்துல ஆழமா குழி விழுந்த புண்ணு வந்தா அது இயுஎஸ்ங்கிற புண்ணு வியாதியா இருக்கலாம், அதுக்குக் காரணம் அஃபனோமைசிஸ்னு ஒரு பூஞ்சை மாதிரி ஜீவன். அந்தப் புண்ணுல ஸ்வாப், அதான் பஞ்சுக் குச்சி, போட்டாலும் ஏரோமோனாஸ்ங்கிற பாக்டீரியா வளரத்தான் செய்யும், ஆனா அது அப்புறம் வந்து குடியேறுனது, அதுக்கு மருந்து குடுத்து மூல வியாதி போவாது. நான் பாத்த வரைக்கும் "மீனு சாவுது"ன்னு வர்ற போன்ல பாதிக்கு பிளேட்டே தேவைப்படல.

வயிறு வீக்கம், செதில் தூக்கி பைனாப்பிள் மாதிரி நிக்கறது, துடுப்பு அடில ரத்தக் கட்டு, கண்ணு பிதுங்கறது, இதெல்லாம் சேர்ந்து வந்தா அப்பதான் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலாவையோ எட்வர்ட்ஸியெல்லாவையோ சந்தேகப்படணும். திலேப்பியா சுத்திச் சுத்தி நீந்தி கண்ணு வெளிய வந்தா ஸ்ட்ரெப்டோகாக்கஸ். செவுள்ல மஞ்சளா அழுகல், முதுகுல சேணம் போட்ட மாதிரி வெள்ளைப் பட்டை, அது காலம்னாரிஸ்.

மீனு எடுக்கறது

செத்து மெதக்கறத எடுக்கவே எடுக்காதீங்க. நம்ம வெயில்ல செத்து ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னா கொடல்ல இருக்கிற கிருமி எல்லாம் உள்ள பூரா பரவிடும், நீங்க டெஸ்ட் பண்றது வியாதிக் கிருமியா அழுகல் கிருமியான்னு தெரியாது. சாகப்போற மீனா, தனியா ஓரமா சாய்ஞ்சி நீந்தறதா, மருந்து போடறதுக்கு முன்னாடியே, மூணுல இருந்து அஞ்சு மீனு வேணும். குஞ்சு மீனு விக்கறவங்க போடற மாதிரி ஆக்ஸிஜன் புடிச்ச பாலிதீன் பைல குட்டைத் தண்ணியோட உயிரோட கொண்டாந்தா ராஜா. முடியலன்னா அப்பதான் செத்ததா ஐஸ்ல வெச்சி, ஐஸ் நேரா மீனு மேல படாம கவர்ல போட்டு, கையோட பஸ் ஏத்தச் சொல்லுங்க. ஃப்ரீசர்ல வெச்சிட்டு நாளைக்கு வரேன்னா வேணாம்னுடுங்க.

மீன கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணில போட்டு அமைதியா அனுப்பிடுங்க. ட்ரேல சாய்ச்சி படுக்க வெச்சி, 70 சதவீத ஆல்கஹால் தொட்ட பஞ்சால ஒரு பக்கம் முழுக்க தொடைங்க. கத்திரிய ஆல்கஹால்ல முக்கி நெருப்புல காட்டி, ஆசனவாய் பக்கத்துல ஆரம்பிச்சி மேல வளைஞ்சி செவுள் வரைக்கும் வெட்டி அந்தச் சுவர கதவு மாதிரி தொறங்க. கொடல கிழிச்சிடாதீங்க, கிழிஞ்சா அந்த மீனு கணக்குல இல்ல, அடுத்தத எடுங்க. உள்ள வெள்ளையா பளபளன்னு காத்துப்பை தெரியும், அத கீழ தள்ளுனா முதுகெலும்ப ஒட்டி கருஞ்சிவப்பா நீட்டு பட்டையா இருக்கும் பாருங்க, அதான் கிட்னி. நமக்கு வேணும்கிறது அது. ஆட்டு ஈரல் பழக்கத்துல பசங்க நேரா ஈரலுக்குப் போவாங்க, ஈரலும் எடுக்கலாம் தப்பில்ல, ஆனா கிட்னிலதான் கிருமி சுத்தமா, நெறையா கெடைக்கும், ரத்தத்துல ஓடறது எல்லாம் அங்கதான் வந்து சேருது. புது லூப்ப, நுனில வளையம் வெச்ச குச்சிய, உள்ள குத்தி ஒரு சுத்து சுத்தி எடுத்து நேரா ட்ரிப்டிக் சோய் அகார்ல கோடு போடுங்க. கையுறை கண்டிப்பா போடுங்க, மீனு முள்ளு குத்தி அந்தக் காயத்துல ஏரோமோனாஸ் ஏறுனா கை வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போவணும், வெளையாட்டு இல்ல.

28 டிகிரில 24 மணி நேரம். மறுநாள் பிளேட்டப் பாத்தா ஒரே மாதிரி காலனி நெறைய இருந்தா நல்ல சேதி. நாலு கலர்ல நாலு சைஸ்ல இருந்தா எடுத்தது சரியில்ல, கொடலக் கிழிச்சிருப்பீங்க இல்லன்னா மீனு பழசு. எது அதிகமா, எல்லா மீன்லயும் வந்திருக்கோ அதுல ஒரே ஒரு காலனிய தொட்டு புது பிளேட்ல போடுங்க, அதுல இருந்து இன்னொரு தபா. ரெண்டு தபா சப்கல்ச்சர் பண்ணாம டிஸ்க் வைக்காதீங்க. ரெண்டு கிருமி கலந்திருந்தா எது ரெசிஸ்டன்ட்டோ அது டிஸ்க் வரைக்கும் வளந்து நிக்கும், எல்லாமே ஆர்னு வரும், நீங்க பயந்து போயி பெரிய மருந்தா எழுதிடுவீங்க.

கிருமி எந்த வகைன்னு பிரிக்கற கிராம் ஸ்டெயினும் ஆக்ஸிடேஸ் டெஸ்டும் அஞ்சு நிமிஷ வேலை, சோம்பப் படாம பண்ணுங்க. கிராம் நெகடிவ் குச்சி, ஆக்ஸிடேஸ் பாசிடிவ், குளுக்கோஸ ஃபெர்மென்ட் பண்ணுதுன்னா, நம்ம நன்னீர்க் குட்டைல பெரும்பாலும் ஏரோமோனாஸ். ஆக்ஸிடேஸ் பாசிடிவ் ஆனா ஃபெர்மென்ட் பண்ணலன்னா சூடோமோனாஸ் பக்கம் பாருங்க. ஆக்ஸிடேஸ் நெகடிவ்னா எட்வர்ட்ஸியெல்லா இருக்கலாம். கிராம் பாசிடிவ் உருண்டை சங்கிலின்னா ஸ்ட்ரெப்டோகாக்கஸ், அதுக்கு வெறும் அகார் பத்தாது, 5 சதவீதம் ஆட்டு ரத்தம் சேத்த பிளேட் வேணும். காலம்னாரிஸ் இந்த அகார்லயே சரியா வளராது, அதுக்கு தண்ணியாக் கரைச்ச மியூல்லர் ஹின்டன் ப்ராத்துல, அதான் கெட்டியாவாத திரவத்துல, எம்ஐசி, அதாவது கிருமி வளர்றத நிறுத்தற கொறைஞ்ச மருந்தளவு, போடணும், புதுசா வர்றவங்க அத இப்பத் தொட வேணாம்.

அகார் ஊத்தறது, அப்புறம் என் மானம் போன கதை

மியூல்லர் ஹின்டன் அகார். 1941-ல கொனோரியாக் கிருமி வளக்கறதுக்காக செஞ்சது, இன்னிக்கு உலகம் பூரா சென்சிடிவிட்டின்னா இதான். பாக்கெட்ல போட்டிருக்கிற அளவு, பெரும்பாலும் லிட்டருக்கு 38 கிராம், கொதிக்க வெச்சி கரைச்சி 121 டிகிரில 15 நிமிஷம் ஆட்டோகிளேவ். பிஎச் 7.2-ல இருந்து 7.4-க்குள்ள. இது நூல் புடிச்ச மாதிரி இருக்கணும், கம்மியானா ஜென்டாமைசின் சக்தி கொறைஞ்சி ஸோன் சுருங்கும், டெட்ராசைக்ளின் ஸோன் வீணா பெருசாத் தெரியும்.

கனம் 4 மில்லிமீட்டர். 90 மில்லிமீட்டர் பிளேட்டுக்கு 25 மில்லி ஊத்துனா சரியா வரும். கண்ணு மதிப்புல தோசை ஊத்தற மாதிரி ஊத்தாதீங்க, சிலிண்டர்ல அளந்து ஊத்துங்க. மருந்து டிஸ்க்ல இருந்து பக்கவாட்டுல மட்டும் இல்ல, கீழயும் எறங்குது, அகார் தடியா இருந்தா கீழ போயி நீர்த்துடும், ஸோன் சின்னதாவும், மெலிசா இருந்தா பெருசாவும். மேசை மட்டமா இருக்கான்னு கொத்தனார் வெச்சிருக்கிற ரசமட்டம் ஒண்ணு வாங்கி வெச்சிக்கோங்க. என் மேசை ஒரு பக்கம் சாஞ்சிருந்தத நான் கண்டுபுடிச்சதே, ஒரே பிளேட்ல ஒரே மருந்து டிஸ்க் ரெண்ட எதிரெதிரா வெச்சப்ப ஒண்ணு 22, ஒண்ணு 18 வந்துச்சே, அப்பதான்.

இப்ப அந்தக் கதை. ஒரு பொங்கல் லீவுல டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துடுச்சு, கடை எதுவும் தொறக்கல, சரி ஒரு நாள்தானேன்னு லேப் போர் தண்ணியவே வடிகட்டி அகார் காய்ச்சிட்டேன். நம்ம போர் தண்ணி எப்படின்னு உங்களுக்குத் தெரியும், பக்கெட்டுல ஒரு வாரத்துல வெள்ளையா பொறை கட்டும், பருப்பு வேவாது, சோப்பு நொரைக்காது. பிளேட்டு பாக்க கண்ணாடி மாதிரி நல்லா வந்துச்சு. அந்த வாரம் வந்த மூணு குட்டை மீனுலயும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஸோன் சின்னதா வந்துச்சு, மூணு பேருக்கும் "இந்த மருந்து கேக்காது"ன்னு சொல்லிட்டேன். நாலாவது நாள் டெஸ்ட் சரியா வருதான்னு பாக்கற கன்ட்ரோல் கிருமி, ஈ.கோலை ஏடிசிசி 25922-அ ஓட்டறேன், அது எல்லா மருந்துக்கும் கேக்கற சாது, 35 டிகிரில டெட்ராசைக்ளினுக்கு 18-ல இருந்து 25-க்குள்ள வரணும், எனக்கு 14. சாது எப்படிடா திடீர்னு ரவுடி ஆச்சுன்னு யோசிச்சப்பதான் தண்ணி ஞாபகம் வந்துச்சு. கால்சியமும் மக்னீசியமும் டெட்ராசைக்ளின அப்படியே புடிச்சி கட்டிப் போட்டுடும், மருந்து அகார்லயே இருக்கும் ஆனா வேல செய்யாது. மூணு பேருக்கும் போன் போட்டு, தப்பு என் மேலதான்னு சொல்லி, திரும்பப் போட்டு குடுத்தேன். ஒருத்தர் அதுக்குள்ள விலை கூடுன வேற மருந்து வாங்கிட்டாரு, அவரு பேசுன பேச்ச இங்க எழுத முடியாது.

அதனால அகாருக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், அது இல்லன்னா அன்னிக்கு வேல இல்ல. இன்னொண்ணும் இதுல இருந்தே புரியும், அந்தக் குடியாத்தம் பெரியவர் இதே மாதிரி கடினத் தண்ணி குட்டைல ஆக்ஸிடெட்ராசைக்ளின அள்ளி வுட்டாரே, அதே கால்சியம் அங்கயும் அதே வேலையத்தான் பண்ணியிருக்கும். பாக்கெட் காசு தண்ணில போச்சு, நெஜமாவே.

மெக்ஃபார்லண்ட் 0.5

24 மணி நேர கல்ச்சர்ல இருந்து நாலஞ்சு காலனிய தொட்டு 0.85 சதவீத உப்புத் தண்ணில, ஆட்டோகிளேவ் பண்ணதுல, கலக்குங்க. மெக்ஃபார்லண்ட்ங்கிறது கலங்கல ஒப்பிட்டுப் பாக்கற அளவுகோல், உங்க கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்டுக்கு சமமா வரணும், அதாவது மில்லிக்கு சுமார் 15 கோடி கிருமி. ஸ்டாண்டர்ட நீங்களே செய்யலாம்: 1.175 சதவீத பேரியம் குளோரைடு 0.5 மில்லி, 1 சதவீத கந்தக அமிலம் 99.5 மில்லி, நல்லா கலக்கி அதே சைஸ் டியூப்ல அடைச்சி இருட்டுல வைங்க. அமிலத்த தண்ணிலதான் ஊத்தணும், தண்ணிய அமிலத்துல ஊத்தாதீங்க, இது பள்ளிக்கூடத்துலயே சொன்னதுதான், இருந்தாலும் சொல்லிடறேன். ஸ்பெக்ட்ரோ இருந்தா 625 நானோமீட்டர்ல 0.08-ல இருந்து 0.13. இல்லன்னா வெள்ள அட்டைல கறுப்புக் கோடு போட்டு ரெண்டு டியூபையும் முன்னாடி புடிச்சி, கோடு ஒரே அளவு மங்கலாத் தெரியுதான்னு பாருங்க. ஸ்டாண்டர்ட ஒவ்வொரு தபாவும் குலுக்கிட்டுப் பாருங்க, அடில உக்காந்துடும், உக்காந்தத வெச்சி ஒப்பிட்டா உங்க கலங்கல் கம்மியாப் போயிடும்.

புதுசா வர்றவங்க எல்லாரும் கிருமிய தாராளமாப் போடறாங்க. டிஸ்க் சுத்தி நடக்கறது ஒரு ஓட்டப்பந்தயம்ங்க, மருந்து டிஸ்க்ல இருந்து வெளிய ஓடி வருது, கிருமி பெருகிக்கினே இருக்கு, மருந்து வந்து சேர்றதுக்குள்ள எங்க கூட்டம் சேர்ந்துடுச்சோ அங்கதான் ஸோன் ஓரம். ஆரம்பத்துலயே கூட்டம் ஜாஸ்தின்னா ஸோன் சுருங்கும், கம்மின்னா விரியும்.

டிஸ்க் வைக்கிறது

கலக்கி 15 நிமிஷத்துக்குள்ள ஸ்வாப்ப முக்கி, டியூப் உள்சுவத்துல அழுத்திப் புழிஞ்சி, அகார் முழுக்க இடைவெளி இல்லாம தேய்ங்க, பிளேட்ட 60 டிகிரி திருப்பி இன்னொரு தபா, இன்னும் 60 திருப்பி மூணாவது தபா, கடைசில விளிம்ப ஒரு சுத்து. அகார் மேல தண்ணி முத்து முத்தா நின்னா மொதல்லயே மூடிய சாய்ச்சி வெச்சி காய வெச்சிருக்கணும். தேய்ச்சிட்டு மூணுல இருந்து அஞ்சு நிமிஷம் வுட்டு டிஸ்க் வைங்க, 15 நிமிஷத்துக்கு மேல போவக் கூடாது.

டிஸ்க் டப்பாவ ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த ஒடனே தொறக்காதீங்க, ரூம் சூட்டுக்கு வரட்டும். மே மாசத்துல நம்ம ஊரு ரூம்ல ஜில்லுனு டப்பாவத் தொறந்தா உள்ள வேர்த்துடும், டிஸ்க் ஈரம் ஆனா மருந்து கெட்டுடும், முக்கியமா பென்சிலின் மாதிரி பீட்டா லாக்டம் வகை. 90 மில்லிமீட்டர் பிளேட்டுல நாலு, மிஞ்சிப் போனா அஞ்சு டிஸ்க், நடுவுக்கு நடு 24 மில்லிமீட்டர். சிக்கனம் புடிக்கிறேன்னு எட்டு டிஸ்க் வெச்சா ஸோன் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும், ஒண்ணையும் அளக்க முடியாது. ஃபோர்செப்ஸால லேசா அழுத்துங்க. வெச்ச டிஸ்க்க நவுத்தாதீங்க, தொட்ட ஒடனே மருந்து எறங்க ஆரம்பிச்சிடும், தப்பான எடத்துல விழுந்தா விழுந்ததுதான், அங்கயே இருக்கட்டும்.

எந்த மருந்த வைக்கிறது? மீனுக்குக் குடுக்க முடியற மருந்த வைங்க. ஆக்ஸிடெட்ராசைக்ளின் 30 மைக்ரோகிராம், ஃப்ளோர்ஃபெனிகால் 30, ட்ரைமெத்தோப்ரிம் சல்ஃபா 1.25/23.75, ஆக்ஸோலினிக் ஆசிட் 2, இந்த மாதிரி. மனுஷ லேப்ல கெடைக்கற டிஸ்க்க எல்லாம் வரிசையா வெச்சி "மெரோபெனம் சென்சிடிவ்"னு எழுதி குட்டைக்காரருக்குக் குடுத்த ரிப்போர்ட்ட நான் பாத்திருக்கேன், ஐசியூவுல போடற மருந்துங்க அது, அவரு அத எங்க போயி வாங்கி எந்த மீனுக்கு ஊசி போடுவாரு? ஏரோமோனாஸுக்கு ஆம்பிசிலின் வைக்கிறதும் வேஸ்ட், பொறவிலயே அதுக்கு எதிர்ப்பு உண்டு. அதுக்கு ஸோன் பெருசா வந்துச்சுன்னா மருந்து கேக்குதுன்னு சந்தோஷப்படாதீங்க, நீங்க வெச்சிருக்கறது ஏரோமோனாஸ்தானான்னு திரும்பப் பாருங்க. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃப்யூரான் இதெல்லாம் நம்ம நாட்டுல மீனு வளப்புல தடை. கொலிஸ்டினும் 2019-ல இருந்து கால்நடை, கோழி, மீனு எதுக்கும் கூடாது. எதிர்ப்பு எவ்வளவு பரவியிருக்குன்னு பாக்கற சர்வேக்கு வைக்கிறது வேற, ரிப்போர்ட்ல போட்டுக் குடுக்கறது வேற.

28 டிகிரி

டிஸ்க் வெச்ச 15 நிமிஷத்துக்குள்ள பிளேட்ட கவுத்து இன்குபேட்டர்ல வைங்க, அஞ்சுக்கு மேல அடுக்காதீங்க. 28 டிகிரி, 24-ல இருந்து 28 மணி நேரம். குளிர்த் தண்ணிக் கிருமிக்கு 22 டிகிரில 44-ல இருந்து 48 மணி நேரம், அது நமக்கு அவ்வளவா வேண்டியிருக்காது.

இங்கதான் நம்ம ஊரு கஷ்டம். சாதா பாக்டீரியா இன்குபேட்டருக்கு சூடு பண்ணத்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. அக்னி நட்சத்திரத்துல வெளிய 41, ரூம்ல 36, இன்குபேட்டர்ல 28 செட் பண்ணி வெச்சா அது சும்மா உக்காந்துக்கினு இருக்கும், உள்ளயும் 36-தான். டிஸ்பிளேல இருக்கிற செட் நம்பரப் பாத்து ஏமாறாதீங்க, உள்ள ஒரு தெர்மாமீட்டர தண்ணி பாட்டில்ல முக்கி வெச்சிப் பாருங்க. கூலிங் இருக்கிற பிஓடி இன்குபேட்டர்தான் வேணும், அதுவும் யூபிஎஸ்ல. பிஓடி இல்லாம மார்ச்சுல இருந்து ஜூன் வரைக்கும் இந்த டெஸ்ட் போடறேன்னா நான் நம்ப மாட்டேன்.

ஏரோமோனாஸ் 35-லயும் நல்லாத்தானே வளருது, அங்கயே வெச்சா என்னன்னு கேப்பீங்க. வளரும். ஆனா அந்த ஓட்டப்பந்தயத்துல வேகம் மாறிடும், சூடு கம்மியானா கிருமி மெதுவாப் பெருகும், ஸோன் பொதுவா கொஞ்சம் பெருசா வரும். மனுஷன் புண்ணுல இருந்து எடுத்த ஏரோமோனாஸுக்கு 35 டிகிரில தனி சார்ட் இருக்கு. 28-ல வெச்ச பிளேட்ட அந்த சார்ட்டுல வெச்சிப் படிச்சா கேக்காத மருந்தக் கூட கேக்கும்னு எழுதிடுவீங்க. நீர்வாழ் உயிரினங்களுக்குன்னு, லேப் டெஸ்ட் முறைங்கள வகுக்கற சிஎல்எஸ்ஐ அமைப்பு தனியா போட்டிருக்கிற முறை வெட் 03, அதுக்கான அளவு வெட் 04. அத வெச்சிதான் படிக்கணும்.

கன்ட்ரோல் ஸ்ட்ரெயின் ஓட்டறப்பவும் இதே கதைதான். ஈ.கோலை 25922-க்கு மனுஷ டேபிள்ல ஜென்டாமைசின் 19-ல இருந்து 26ன்னு இருக்கும், அது 35 டிகிரி கணக்கு. 28-க்கு தனி ரேஞ்ச் இருக்கு, கூடவே ஏரோமோனாஸ் சால்மோனிசிடா ஏடிசிசி 33658னு இன்னொரு கன்ட்ரோலும் உண்டு. கன்ட்ரோல் வெளிய போச்சுன்னா அன்னிக்கு போட்ட மீனு பிளேட்டு எதையும் படிக்காதீங்க, எவ்வளவு அவசரம்னு போன் வந்தாலும் சரி.

அளக்கறது

மேசை மேல கறுப்புத் துணி விரிச்சி, பிளேட்ட கவுத்த மாதிரியே துணிக்கு மேல கொஞ்சம் தூக்கிப் புடிச்சி, பக்கத்துல இருந்து டியூப் லைட் வெளிச்சம் விழற மாதிரி வெச்சிக்கோங்க. வெர்னியரோ ஸ்கேலோ எது இருந்தாலும் சரி, டிஸ்க்க சேத்து குறுக்களவு, முழு மில்லிமீட்டர்ல. ஸோனே இல்லன்னா 0 இல்ல, 6, அதான் டிஸ்க்கோட அளவு. சல்ஃபா மருந்துல ஓரம் கத்தி வெட்டுன மாதிரி இருக்காது, பனி மூட்டம் மாதிரி மெல்ல கரையும், அந்த லேசான மூட்டத்த விட்டுட்டு நல்லா வளந்த ஓரத்த அளங்க. அகார்ல தைமிடின் ஜாஸ்தி இருந்தா இந்த மூட்டம் இன்னும் அதிகமாவும், பேட்ச் மாத்தறப்ப கவனிங்க.

ஸோனுக்குள்ள பொட்டுப் பொட்டா நாலு காலனி நிக்குதா? அழிச்சிட்டு அளக்காதீங்க. அத லூப்புல எடுத்து தனியா வளத்துப் பாருங்க. வேற கிருமி கலந்திருந்தா மொதல்ல இருந்து ஆரம்பிங்க, அதே கிருமிதான்னா கூட்டத்துக்குள்ளயே எதிர்ப்பு உள்ளது மொளைச்சிருக்கு, அத ரிப்போர்ட்ல எழுதணும். பெரும்பாலும் இந்த எதிர்ப்பு பிளாஸ்மிட்ங்கிற தனி டிஎன்ஏ வளையத்துலதான் ஒக்காந்திருக்கும், ஒரு கிருமில இருந்து இன்னொண்ணுக்கு கைமாத்து கடன் மாதிரி போவும், குட்டைத் தண்ணி வாய்க்கா வழியா ஏரிக்குப் போனா அதுவும் கூடவே போவும்.

குட்டைக்காரருக்கு என்ன சொல்றது

வெட் 04-ல எல்லா கிருமிக்கும் எல்லா மருந்துக்கும் அளவு கெடையாது. நெறைய எடத்துல இருக்கறது கட்-ஆஃப் மட்டும்தான், அதாவது இந்தக் கிருமி அதோட ஜாதி சாதாரணமா இருக்கிற மாதிரியே இருக்கா, இல்ல எதிர்ப்பு ஏதாவது வாங்கியிருக்கான்னு மட்டும் சொல்லும், மீனு பொழைக்குமான்னு சொல்லாது. அதனால அளவே இல்லாத மருந்துக்கு நீங்களா எஸ் போடாதீங்க, மில்லிமீட்டர எழுதி "அளவுகோல் இல்ல"ன்னு பக்கத்துல எழுதுங்க. சந்தேகம் வந்தா ப்ராத் மைக்ரோடைல்யூஷன்ல எம்ஐசி போட்டுப் பாருங்க, அது இன்னொரு நாள் எழுதறேன்.

பிளேட்டுல கேட்ட மருந்து குட்டைலயும் கேக்கணும்னா மீனு தின்னணும். வியாதி முத்துன மீனு தீவனம் எடுக்காது, மருந்து கலந்த தீவனத்த தின்னறது நல்லா இருக்கிற மீனுதான். அதனால சீக்கிரம் கண்டுபுடிச்சாதான் பிரயோஜனம், செத்தத எடுத்து புதைக்கணும், தண்ணிய மாத்தணும், குட்டைல கூட்டத்தக் கொறைக்கணும். மருந்து குடுத்தா மீன் டாக்டர் சொல்ற அளவு, சொல்ற நாளு, அப்புறம் மருந்து உடம்புல இருந்து எறங்கற வரைக்கும் புடிச்சி விக்கக் கூடாது. சாப்பிடற மீன்ல ஆக்ஸிடெட்ராசைக்ளின் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம், எஃப்எஸ்எஸ்ஏஐ, அளவு வெச்சிருக்கு. குடியாத்தம் பெரியவருக்கு இத சொன்னப்ப "ஆடி அமாவாசைக்கு முன்னாடி புடிச்சிடலாம்னு நெனச்சேனே சார்"ன்னாரு. புடிக்கல, ரெண்டு வாரம் தள்ளிப் போட்டாரு. அவரு மீனுல வந்தது ஏரோமோனாஸ்தான், ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஸோன் நல்லாத்தான் இருந்துச்சு. மருந்து கேக்காம இல்ல, தண்ணில அள்ளி வுட்டதாலதான் போய்ச் சேரல.

வேல முடிஞ்சதும் பிளேட்டு, ஸ்வாப், மீனு மிச்சம் எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல 121 டிகிரில 30 நிமிஷம் போட்டுட்டு அப்புறம்தான் தூக்கிப் போடணும், பின்னாடி சாக்கடைல கொட்டற பழக்கம் வேணாம். கிருமியோட ஒரு கொஞ்சத்த 20 சதவீத கிளிசரால்ல போட்டு ஃப்ரீசர்ல வைங்க, ஆறு மாசம் கழிச்சி அதே குட்டைல திரும்ப வந்தா ஒப்பிடலாம். டியூப் மேல மார்க்கர்ல எழுதாதீங்க, ஆல்கஹால் கை பட்டா அழிஞ்சிடும், என்கிட்ட எந்தக் குட்டைன்னே தெரியாம பதினோரு டியூப் இருக்கு. பேப்பர் டேப்ல பென்சில்ல எழுதி ஒட்டுங்க.